வாட்சுக்குத் தனி சிம்... வேணுமா, வேண்டாமா?

ஊரில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்! கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் தீபாவளிக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள் அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை, கொஞ்சம் ஸ்வீட் என்று கொண்டு வருவார்கள். இப்போது அந்தப் பையில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்மார்ட் வாட்ச்! இதயத் துடிப்பு காட்டும், நடந்த அடிகளை எண்ணும், தூங்கிய நேரத்தைச் சொல்லும், போன் பேசலாம்... "இனிமே உங்களைப் பத்திக் கவலையே இல்லப்பா" என்று கையில் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பெங்களூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர், ஆத்தூர், ஓமலூர்... எங்கள் பக்கம் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைமைதான். பிள்ளைகள் பெங்களூரு, கோவை, சென்னை, இல்லாவிட்டால் அமெரிக்கா. தோட்டத்து வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர். சில வீடுகளில் ஒருவர் மட்டும். பக்கத்து வீடு என்பதே இரண்டு வயல் தாண்டித்தான்.

என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களின் கேள்வியும் மாறிவிட்டது. முன்பு, "அப்பாவுக்கு மூட்டு வலிக்கு என்ன தைலம் தேய்க்கலாமுங்க?" என்று கேட்டவர்கள், இப்போது தைலத்தை வாங்கிக்கொண்டு கூடவே ஒரு கேள்வியும் போடுகிறார்கள். "சிம் போடற வாட்ச் வாங்கலாமுங்களா? இல்ல, சாதா ஸ்மார்ட் வாட்ச்சே போதுமுங்களா?"

‘சித்த வைத்தியருக்கும் வாட்சுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்காதீர்கள். நான் நாடி பார்க்கக் கை வைக்கிற இடத்தில்தான் இன்று வாட்ச் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத்தான் நான் நாடி பார்க்க வேண்டியிருக்கிறது! அதனால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கும் கொஞ்சம் உண்டு.

போன் பேசும் வாட்ச்... ஒரு பெரிய குழப்பம்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் ‘காலிங் வாட்ச்’ என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை: ‘ப்ளூடூத் காலிங்’ வாட்ச். ரூ. 1,500, ரூ. 2,000-க்கெல்லாம் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். வாட்சைப் பார்த்துப் பேசலாம், மறுமுனையில் கேட்கும். ஆனால், பேசுவது வாட்ச் அல்ல, உங்கள் போன். வாட்ச் அதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு சின்ன மைக். அவ்வளவுதான்.

இரண்டாவது வகை: இ-சிம் உள்ள வாட்ச். இதற்குள் போன் போலவே டவரோடு நேராகப் பேசும் கருவி இருக்கிறது. சிம் கார்டு செருக வேண்டியதில்லை. கம்பெனிக்காரர்களே உள்ளே இணைப்பைப் பதிந்துவிடுவார்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு எங்கே போனாலும், டவர் இருந்தால் பேசலாம். பெரும்பாலும் அப்பாவின் போன் நம்பரே வாட்சிலும் வேலை செய்யும்.

மூன்றாவது வகை: சின்ன சிம் கார்டையே உள்ளே செருகும் வாட்ச். குழந்தைகளுக்கென்று விற்பவற்றில் இது அதிகம். இதற்குத் தனி நம்பர். விலை மலிவான சிலவற்றில் பழைய 2ஜி மட்டுமே இருக்கும். ஜியோவில் 2ஜி கிடையாது. 4ஜி, 5ஜி மட்டும்தான். வீட்டில் இருக்கிற ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு, ‘வாட்ச் ரிப்பேர்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்!

சிம் போடும் வாட்ச் நேற்று வந்த அதிசயமும் அல்ல. 2014-லேயே சாம்சங்கின் கியர் எஸ் வாட்ச் சிம் கார்டோடு இந்தியாவுக்கு வந்தது. தனி இணைப்புள்ள ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 3 இங்கே வந்தது 2018 மே மாதம். அப்போது அதற்கு இணைப்புக் கொடுத்தவை ஜியோவும் ஏர்டெல்லும்.

முளைக்குச்சியும் முப்பது அடிக் கயிறும்

மாட்டை முளைக்குச்சி அடித்துக் கட்டுகிறோம். கயிறு எவ்வளவு நீளமோ, அதுவரைக்கும்தான் மாடு மேயும். ப்ளூடூத் வாட்சும் அப்படித்தான். போன்தான் முளைக்குச்சி. வாட்ச்தான் மாடு. கயிறு சுமார் 10 மீட்டர், அதாவது முப்பது அடி சொச்சம். நடுவில் சுவர் வந்தால் அதுவும் குறையும்.

போன் டி.வி. ஸ்டாண்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பா கொல்லைப்புறம் தாண்டி மோட்டார் ரூமுக்குப் போகிறார். கயிறு அறுந்துவிட்டது! மணி காட்டும், துடிப்பு காட்டும், அடிகளை எண்ணும். ஆனால், ஆபத்துக்கு யாரையும் கூப்பிட முடியாது.

பரமத்திவேலூர் பக்கம் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். மகன் வாங்கிக் கொடுத்த காலிங் வாட்ச் கையில். போன் கட்டில் மேல். காலை ஏழு மணிக்கு வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பு அசைக்க முடியவில்லை. வாட்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ‘போன் இணைக்கப்படவில்லை’ என்றுதான் வந்தது. வெற்றிலை கிள்ள ஆட்கள் வந்து பார்த்தபோது மணி பதினொன்று. "கையில போன் இருக்குதுன்னு நம்பித்தானுங்க, அதைக் கட்டில்ல வெச்சுட்டுப் போனேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கவனித்தீர்களா? வாட்ச் இல்லாமல் இருந்திருந்தால் போனையாவது மடியில் செருகிக்கொண்டு போயிருப்பார். பாதி புரிந்த பொருள், இல்லாத பொருளை விட ஆபத்து.

விழுவதை விட... விழுந்து கிடப்பது!

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் அறுபது வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

விழுந்த அடி ஒரு பக்கம். எழுந்திருக்க முடியாமல் மணிக்கணக்கில் கிடப்பது இன்னொரு பக்கம். ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் தசை சிதைய ஆரம்பிக்கும். அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோல் புண்ணாகும். நம் சேலத்துச் சித்திரை வெயிலில் நாவறண்டு, உடம்பில் நீர் வற்றி மயக்கம் வரும். சர்க்கரை உள்ளவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ‘எத்தனை நிமிஷத்தில் ஆள் வந்தது?’ என்பது வைத்தியத்தில் பெரிய கேள்வி.

சில விலை உயர்ந்த வாட்ச்களில் விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. ஆப்பிளில் இது 2018-ல் வந்த சீரீஸ் 4-லிருந்து உண்டு. பலமாக விழுந்து, சுமார் ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தால், அவசர எண்ணைத் தானே கூப்பிடும். நீங்கள் குறித்து வைத்த சொந்தக்காரர்களுக்கும் செய்தி போகும். வயது 55-க்கு மேல் என்று பதிந்திருந்தால் இந்த வசதி தானாகவே ஆன் ஆகிவிடும். சாம்சங்கின் பல வாட்ச்களிலும் இதுபோல் உண்டு.

ஆனால், இதிலும் அதே கயிறு! விழுந்ததைக் கண்டுபிடித்தால் போதுமா? வெளியே சொல்ல வழி வேண்டுமே! பக்கத்தில் போன் இருக்க வேண்டும், அல்லது வாட்சுக்குத் தனி இணைப்பு இருக்க வேண்டும். வீட்டில் வைஃபை இருந்தால் சில வாட்ச்கள் அதன் வழியாகச் சமாளிக்கும். வைஃபை வாசலோடு சரி, தோட்டத்துக்கு வராது.

எல்லா விழுகையையும் அது கண்டுபிடித்துவிடும் என்றும் நம்பாதீர்கள். நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். மண்வெட்டியால் ஓங்கிக் கொத்தினால், ‘விழுந்துவிட்டீர்களா?’ என்று சும்மாவே கேட்கலாம்!

ஒரு வாரக் கணக்கு

சரி, உங்கள் வீட்டுக்கு எது வேண்டும்? இதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. நோட்டு சொல்லும்.

ஏழு நாள், காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை இரண்டே விஷயத்தை எழுதுங்கள். ‘ஆள் எங்கே? போன் எங்கே?’ அம்மாவை எழுதச் சொல்லலாம். பேரப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் அவர்களுக்கு இது ஒரு விளையாட்டு. இப்படி இருக்கும்:

காலை 5.30: அப்பா மாட்டுக் கொட்டகை. போன் தலையணைக்கு அடியில்.
காலை 6.15: நடைப்பயிற்சி. போன் சட்டைப் பையில்.
காலை 8.00: குளியல். போன் ஹாலில்.
பகல் 11.00: மோட்டார் ரூம். போன் திண்ணையில்.
மாலை 6.00: டி.வி. முன்னால். போன் கையில்.

வாரக் கடைசியில், போனும் ஆளும் பிரிந்திருந்த நேரங்களை மட்டும் அடிக்கோடு போடுங்கள். அந்த நேரங்களுக்கு மூன்று கேள்வி.

ஒன்று: போன் முப்பது அடிக்கு அப்பால் இருந்ததா?
இரண்டு: அப்போது அவர் தனியாக இருந்தாரா? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாருமே இல்லையா?
மூன்று: அவருக்கு உடம்பில் ஆபத்து இருக்கிறதா? முன்பே விழுந்தவர், தலைசுற்றல், இன்சுலின் போட்டுக்கொள்பவர், இதய நோய், வலிப்பு, பக்கவாதம் வந்து தேறியவர்... இப்படி?

மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், தனி இணைப்புள்ள வாட்ச் ஆடம்பரம் அல்ல, அவசியம். ஒன்றுக்காவது ‘இல்லை’ என்று வந்தால் சாதா ஸ்மார்ட் வாட்ச் போதும். பல வீடுகளுக்கு அதுகூடத் தேவைப்படாது.

யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

தோட்டத்தில் தனியாக வேலை பார்க்கும் பெரியவர்: வேண்டும். விழுவது மட்டுமல்ல, பாம்புக்கடி பயமும் இருக்கிறது. கடிபட்டவர் போன் தேடி வீட்டுக்கு ஓடக்கூடாது. ஓடினால் விஷம் சீக்கிரம் பரவும். இருந்த இடத்திலிருந்தே ஆளைக் கூப்பிட வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரி! விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்வது ஒரு சித்த வைத்தியன் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோழிப் பண்ணைக்காரர்: ஷெட்டுக்குள் போகும்போது போனை ஆபீஸ் ரூமில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் யோசிக்கலாம். கூட எப்போதும் வேலையாட்கள் இருந்தால் வேண்டாம்.

லாரி, ரிக் வண்டி ஓட்டுகிறவர்கள்: நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். இவர்களுக்குத் தனி இணைப்பு வேண்டாம். போன் எப்போதும் கேபினில்தானே இருக்கிறது! ஓட்டும்போது வாட்சைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதும் ஒரே ஆபத்துதான்.

டவுனில் அபார்ட்மென்ட்டில், மகன் மருமகளோடு இருக்கும் பெரியவர்: பெரும்பாலும் வேண்டாம். போன் இருக்கும் அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே அதிகம் போனால் இருபது அடி.

காலையில் வாக்கிங் போகும் நாற்பது வயதுக்காரர்: போன் பாக்கெட்டில் இருந்தால் என்ன கனம்? ‘போன் தொந்தரவு இல்லாமல் நடக்கணும், ஆனால் அவசரத்துக்கு வேணும்’ என்றால் வாங்குங்கள். அது வசதி, வைத்தியக் காரணம் அல்ல.

குழந்தைகள்: டியூஷன் போகும் பிள்ளைக்கு சிம் வாட்ச் ஒரு நிம்மதிதான். ஆனால், ஹாஸ்டல் பள்ளிகளில் போனுக்கு இருக்கும் தடை சிம் வாட்சுக்கும் பொருந்தும். விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 2017-ல், பெற்றோர் தூர இருந்தே வகுப்பில் நடப்பதை ஒட்டுக் கேட்கும் வசதி இருந்த குழந்தைகள் வாட்ச்களைத் தடையே செய்துவிட்டார்கள். கண்காணிப்புக்கும் ஓர் எல்லை வேண்டும்.

இன்னொரு மலிவு வழியும் உண்டு. நம் விவசாயிகள் போடும் பட்டாபட்டி டிராயரில் பெரிய பாக்கெட் இருக்கிறதே! பாட்டிகளின் இடுப்பில் சுருக்குப்பை இருக்கிறதே! ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பட்டன் போன் ஒன்றை அதில் போட்டு, ஒரே பட்டனில் பக்கத்து வீட்டுக்குப் போகும்படி வைத்துக் கொடுத்தால், பாதிப் பேருக்கு அதுவே போதும். விழுந்ததைத் தானே கண்டுபிடிக்காது. ஆனால், பேட்டரி நாள்கணக்கில் நிற்கும்!

டவர், பேட்டரி, பணம்

மூன்று ‘ஆமாம்’ வந்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். இன்னும் மூன்று சோதனை.

டவர்: வாட்சுக்குள் இருக்கும் ஆன்டெனா மிகச் சின்னது. போனில் ஒரு கோடு சிக்னல் வருகிற இடத்தில் வாட்சில் ஒன்றுமே வராமல் போகலாம். அதனால், எந்தக் கம்பெனி இணைப்பு வாங்கப் போகிறீர்களோ, அந்த சிம் உள்ள போனை எடுத்துக்கொண்டு கிணற்று மேடு, மோட்டார் ரூம், மாட்டுக் கொட்டகை எல்லாம் நடந்து பேசிப் பாருங்கள். கொல்லிமலை, ஏற்காடு பக்கம் காப்பி, மிளகுத் தோட்டம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். போனிலேயே விட்டு விட்டு வந்தால், வாட்ச் இணைப்புக்குக் கொடுக்கும் பணம் வீண்.

பேட்டரி: ஆப்பிள் வாட்ச்களில் பலவற்றுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கே 18 மணி நேரம்தான். தனி இணைப்பில் இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். 2021-ல் வந்த சீரீஸ் 7-க்கு, தனி இணைப்பில் தொடர்ந்து பேசினால் ஒன்றரை மணி நேரம் என்பதே கம்பெனி கணக்கு. ‘சார்ஜ் இல்லாத வாட்ச், தண்ணி இல்லாத கிணறு.’ தினமும் சார்ஜ் போட அவருக்கு ஞாபகம் இருக்குமா?

பணம்: 2024-ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 10-ன் அறிமுக விலை இங்கே ரூ. 46,900. தனி இணைப்புள்ளது ரூ. 56,900. வித்தியாசம் பத்தாயிரம்! 2023-ல் வந்த சாம்சங் கேலக்ஸி வாட்ச் 6-ல் சின்ன அளவுக்கு ரூ. 29,999, தனி இணைப்பு என்றால் ரூ. 33,999. இதற்கு மேல் மாதக் கட்டணம் எவ்வளவு, போஸ்ட்பெய்டுக்கு மாற வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வில்லங்கம். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டு போனோடு சேராது. சாம்சங்கின் புது வாட்ச்கள் ஐபோனோடு சேராது. அப்பாவிடம் இருப்பது எந்த போன் என்று பார்க்காமல் வாங்கி வந்து, மேஜை டிராயரில் தூங்கும் வாட்ச்களை நான் பார்த்திருக்கிறேன். மகனுடைய ஐபோனில் இருந்தே வீட்டிலுள்ள இன்னொருவரின் வாட்சை அமைக்கும் வசதி 2024-ல் இந்தியாவுக்கும் வந்தது. குழந்தைகளுக்கென்று சொன்னாலும் பெரியவர்களுக்கும் உதவும். அதற்குத் தனி இணைப்புள்ள வாட்ச்தான் வேண்டும். அப்படி அமைத்தால் இ.சி.ஜி. எடுக்கும் வசதி கிடைக்காது. எந்த டெலிபோன் கம்பெனி இதற்கு இணைப்புத் தருகிறது என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

‘இருபத்து நாலு மணி நேரமும் கையில் டவர் கதிர் அடிக்காதா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் பக்கத்தில் இருக்கும்போது வாட்ச் டவரைத் தேடுவதில்லை. ப்ளூடூத்தில்தான் இருக்கும், அதன் சக்தி மிகக் குறைவு. செல்போன் அலைகளுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்பாடு செய்த ஆய்வுத் தொகுப்பு 2024-ல் சொன்னது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும், வாட்சையும் அதன் காந்த சார்ஜரையும் நெஞ்சிலிருந்து அரை அடியாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இதய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் குளியல் நாளில்...

இது நான் சொன்னால்தான் உண்டு. ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால், பெரியவர்கள் வழுக்கி விழ வாய்ப்பு அதிகமாக உள்ள நேரமும் அதுதான்! உள்ளங்காலில் எண்ணெய், தரையில் சீயக்காய்... அந்த நேரம் பார்த்து, ‘எண்ணெய் படும்’ என்று வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம்!

அதேபோல, ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க இருட்டில் எழுந்து போகும்போது வாட்ச் கையில் இல்லை.

அதனால், சார்ஜ் போடும் நேரத்தை மாற்றுங்கள். மாலையில் எல்லோரும் கூடி சீரியல் பார்க்கும்போது போடட்டும். ராத்திரி கையில் இருக்கட்டும். குளிக்கும்போதும் தண்ணீர் தாங்கும் வாட்சாக இருந்தால் கழற்ற வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். எண்ணெயை மட்டும் பாத்ரூமில் தேய்க்காமல், வெளியே முக்காலியில் உட்காரவைத்துத் தேய்த்து, உள்ளங்காலைத் துடைத்துவிட்டு உள்ளே அனுப்புங்கள். வியர்வையில் பட்டைக்கு அடியில் அரிப்பு வந்தால் ஒரு விரல் நுழையும்படி தளர்த்திக் கட்டி, கையை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களை ஒரு வருஷம் கவனித்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விழுந்து நெடுநேரம் கிடந்தவர்களில் பலரிடம் ஆளைக் கூப்பிடும் அலாரம் இருந்தது. ஆனால், பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை! நம் பெரியவர்களும் அப்படித்தானே? "அவங்களை எதுக்குக் கண்ணு தொந்தரவு பண்றது?" என்பார்கள். வாட்ச் வாங்கினால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை, ‘விழுந்தால் என்ன செய்வீங்க?’ என்று கேட்டு, அவர் கையாலேயே அழுத்தவைத்துப் பழக்குங்கள். அவசர எண்ணுக்குப் போகாமல் வீட்டு நம்பருக்குப் போகும்படி பழக்குங்கள்!

கூப்பிட்டால் யார் வருவார்?

வாட்ச் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்? ‘மகனைத்தான்’ என்பீர்கள். மகன் பெங்களூரில். சேலத்திலிருந்து சுமார் 200 கிலோ மீட்டர். அவர் காரை எடுப்பதற்குள் முதல் ஒரு மணி நேரம் போய்விடும்.

முதல் நம்பர், பத்து நிமிஷத்தில் வந்து சேரக்கூடிய ஆள். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளியோ, பால் ஊற்றுகிறவரோ, யாராக இருந்தாலும் சரி. இரண்டாவது, டவுனில் இருக்கும் சொந்தக்காரர். மூன்றாவதுதான் மகன், மகள். முதல் நம்பர்காரரிடம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கட்டும். ராத்திரியில் கேட் பூட்டியிருந்து, நாய் அவிழ்த்து விட்டிருந்தால் உதவிக்கு வந்தவர் வெளியேதான் நிற்பார்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து ஓடுகிறது. நாடு முழுவதற்குமான அவசர எண் 112. இரண்டும் இலவசம். ஆனால், தோட்டத்து வீட்டுக்குக் கதவு எண் சொல்லி யாருக்கும் புரியாது. ‘எந்த ஊர்ப் பிரிவு, எந்தக் கோயில் தாண்டி, எந்தக் கோழிப் பண்ணைக்கு எதிரில்’ என்று இரண்டே வரியில் எழுதி, முதல் நம்பர்காரரிடம் கொடுங்கள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு எது பக்கம் என்பதும் அந்தச் சீட்டில் இருக்கட்டும்.

வாட்ச் நாடி பார்க்குமா?

கடைசியாக ஒன்று. ‘வாட்ச் இருக்கே, டாக்டர் எதுக்கு?’ என்ற நினைப்பு வேண்டாம்.

நாங்கள் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறோம். ஆள்காட்டி விரலில் வளி, நடுவிரலில் அழல், மோதிர விரலில் ஐயம். வாட்ச் செய்வது வேறு. அதன் அடியில் பச்சை வெளிச்சம் மின்னுகிறது பாருங்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் கூடிக் குறைவதை வைத்து, நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுகிறது. எண்ணிக்கை பயனுள்ளதுதான். என்ன நோய் என்று அது சொல்லாது.

இ.சி.ஜி. எடுக்கும் வாட்ச் இதயத் துடிப்பின் தாளம் தப்புவதைச் சில நேரம் காட்டிக்கொடுக்கும். ஆனால், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது; ஆப்பிள் கம்பெனியே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. நெஞ்சில் பாரம், இடது கை வலி, வியர்வை என்றால் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108!

‘ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் வாட்ச்’ என்று விற்பதை நம்பவே நம்பாதீர்கள். அப்படி எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

கடையில் கேளுங்கள்!

* இது ப்ளூடூத் காலிங்கா, தனி இணைப்பா? என் போனை ஆஃப் செய்துவிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவீர்களா?
* அப்பாவிடம் இருக்கும் போனோடு இது சேருமா?
* எந்தக் கம்பெனி இணைப்பு? மாதம் எவ்வளவு?
* இது 4ஜியா, பழைய 2ஜியா?
* விழுந்தால் தானே கூப்பிடுமா? அதை ஆன் செய்து காட்டுங்கள்.
* ஒருமுறை சார்ஜ் போட்டால், தனி இணைப்பில் எத்தனை மணி நேரம்?

முதல் கேள்விதான் முக்கியம். அதற்கே கடைக்காரர் தயங்கினால், அது ப்ளூடூத் வாட்ச்தான்!

ஆகவே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாட்ச் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நோட்டை வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு வாரம் எழுதட்டும். மூன்று ‘ஆமாம்’ வந்து, டவரும் கிடைத்தால், பத்தாயிரம் கூட ஆகிறதே என்று கணக்குப் பார்க்காமல் தனி இணைப்புள்ளதையே வாங்கிக் கொடுங்கள். வரவில்லையா? அந்தப் பத்தாயிரத்தில் பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி எரியும் சின்ன விளக்கு... இவற்றைப் போட்டுக் கொடுங்கள். விழுந்த பிறகு கூப்பிடுவதை விட, விழாமல் காப்பதுதானே முதல் வைத்தியம்!